சிறார் நீதியில் இளைஞர்கள் எங்கே நுழைவது? பாலக்கோட்டிலிருந்து ஒரு வழிகாட்டி

பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கூடவே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர், பி.எல்.வி. என்று சொல்வார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பையன் மேல் வழக்கு வந்தால் அந்த வீட்டு அம்மா சான்றிதழை நகலெடுக்க என் கடைக்குத்தான் வருவார். நகலெடுக்க இரண்டு நிமிஷம், பேச ஒரு மணி நேரம். அதனால் இந்த வழக்குகளின் காகிதம் எனக்குக் கொஞ்சம் பழக்கம்.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வந்து கேட்பது ஒன்றுதான்: "சிறார் நீதியில மாற்றம் வரணும்னு ஆசைப்படறோம்க்கா. எங்க ஆரம்பிக்கிறது?" அவர்களுக்காக எழுதுகிறேன்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர்வலம், வீதி நாடகம், மனிதச் சங்கிலி எல்லாம் சரிதான், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் நம் சட்டத்திலேயே இளைஞர்களுக்கும் பொதுமக்களுக்கும் பல நாற்காலிகள் போட்டு வைத்திருக்கிறார்கள். கேட்பார் இல்லாததால் அதில் யாரும் உட்காருவதில்லை. அந்த நாற்காலி எது எது என்று தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். மைக் பிடிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படிக்க வேண்டியது கொஞ்சம்தான்

இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம் 2015-இல் வந்தது. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது. மொத்தம் 112 பிரிவுகள். பயப்பட வேண்டாம். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகளும் தமிழ்நாட்டின் 2017 விதிகளும் கையில் இருக்கட்டும். நான்கைந்து பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, கீழே சொல்லும் பிரிவுகளை மட்டும் உங்கள் அம்மாவுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பழகுங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்லிப் பழகினால் அவர்களுக்கு இருக்கும் மதிப்பே தனி. ஸ்டேஷனில் என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதே புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் அப்பாக்கள் அந்தப் பக்கம் அதிகம்.

முதலில் பிரிவு 94, வயது. பள்ளிச் சான்றிதழ் அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதிக்குத்தான் முதல் இடம். அது இல்லையென்றால் நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் பரிசோதனை. எங்கள் பக்கத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதிதான் பலருக்குப் பிறந்தநாள். வகுப்பில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்திருப்பார்கள். அது போகட்டும், சட்டத்தின் கண்ணுக்கு அந்தத் தேதிதான் தேதி. பதினேழே முக்கால் வயதுப் பையனை "பத்தொன்பது" என்று எழுதிவிட்டால் அவன் போகிற இடமே மாறிவிடும்: வழக்கு நடக்கும்போது சிறாரைத் தங்க வைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்குப் பதிலாகக் கிளைச் சிறை. அதனால்தான் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வேன், வக்கீலைத் தேடுவதற்கு முன் டி.சி.யைத் தேடுங்கள் என்று. உங்கள் குழு செய்யக்கூடிய முதல் வேலையும் இதுதான். பையன் படித்த பள்ளிக்கு அன்றைக்கே ஓடிச் சான்றிதழ் வாங்கிவர ஒரு பைக்கும் ஒரு ஆளும் போதும்.

அடுத்து பிரிவு 10. பதினெட்டு வயது நிரம்பாதவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, சிறைக்கும் அனுப்பக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நீதித்துறை நடுவர் ஒருவரும் சமூகப் பணியாளர் இருவரும் உட்கார்ந்து சிறார் வழக்கை விசாரிக்கும் இடம் அது. மாதிரி விதி 8 இன்னும் விவரமாகச் சொல்கிறது: கைவிலங்கு கூடாது, பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும், பேச வரும் குழந்தை நல காவல் அலுவலர் சீருடையில் இருக்கக் கூடாது. பலருக்குத் தெரியாத ஒன்று அதே விதியில் இருக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றமாக இருந்தாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொன்னாலோதான் எஃப்.ஐ.ஆர். மற்றதெல்லாம் ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிந்து, பையனின் குடும்பப் பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்ப வேண்டியவை.

பிரிவு 12, ஜாமீன். "ரெண்டு பேர் ஜாமீன் கையெழுத்துப் போடணுமாம், வீட்டு வரி ரசீது வேணுமாம்" என்று கேட்டுக்கொண்டு கம்மலை அடகு வைக்கப் போகும் அம்மாவை நிறுத்தி, இதை விளக்கிச் சொல்லுங்கள். சிறாருக்கு ஜாமீனில் விடக்கூடிய குற்றம், விடக்கூடாத குற்றம் என்ற பேதமே இல்லை. பிணைதாரரோடும் விடலாம், இல்லாமலும் விடலாம். மறுக்க மூன்றே காரணங்கள்: வெளியே வந்தால் தெரிந்த குற்றவாளியோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும். மறுத்தால் குழுமம் காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

பிரிவு 14, கால வரம்பு. விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு மாதம் நீட்டலாம். மூன்றாண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள சிறு குற்றம் அந்த ஆறு மாதத்திலும் முடியவில்லையா, நடவடிக்கை தானாகவே முடிந்துவிடும். பேருந்து நிலையத்தில் செல்போன் திருடிய வழக்கு இதில் வரும். ஆனாலும் ஒன்றரை வருடம் இழுக்கும் வழக்கைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அந்த ஆளாக நீங்கள் இருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பையன் முதல்முறை குழுமத்தின் முன் நின்ற தேதி, நன்னடத்தை அலுவலர் பையனின் குடும்பத்தையும் சூழ்நிலையையும் விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கைக்கான 15-ஆம் நாள், நான்காவது மாதம், ஆறாவது மாதம் என்று எழுதி வையுங்கள். பெயர் எழுத வேண்டாம், ஓர் எழுத்தும் எண்ணும் போதும். குழுமத்தில் பேச வேண்டியது சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும் வக்கீல். அவரிடம் "சார், நாளையோட நாலு மாசம் முடியுது" என்று நினைவுபடுத்த வேண்டியது நீங்கள். வக்கீல் யாரென்றே தெரியாவிட்டால் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் கூப்பிடலாம்.

பிரிவு 24, 74 இரண்டையும் பின்னால் சொல்கிறேன்.

ஊரில் எங்கே உட்காருவது

ஒவ்வொரு ஊராட்சியிலும் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவர் தலைமை. அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதார செவிலியர், ஆசிரியர், பெற்றோர் இவர்களோடு குழந்தைகளின் பிரதிநிதிகளும் உறுப்பினர். உங்கள் ஊர்க் குழு கடைசியாக என்றைக்குக் கூடியது, பிரதிநிதிகள் யார் என்று கேட்டுப் பாருங்கள். பதிவேட்டில் இருக்கும் பெயர்க்காரப் பிள்ளை பெரும்பாலும் கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கும். தலைவர் பதவி காலியாகித் தனி அலுவலர் பார்க்கும் காலமாக இருந்தால் பி.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள், குழு தன்பாட்டுக்கு நடக்க வேண்டியதுதான். பள்ளிப் பிள்ளைகளில் இரண்டு பேரைத் தயார் செய்து அங்கே உட்கார வைப்பது உங்கள் வேலை. அதில் ஒரு பெண் கட்டாயம் இருக்கட்டும். இன்னொரு பிள்ளை பள்ளியை விட்டு நின்றதாக இருந்தால் ரொம்ப நல்லது. நன்றாகப் படிக்கிற, நன்றாகப் பேசுகிற பிள்ளையைத்தான் தலைமையாசிரியர் அனுப்புவார். அந்தப் பிள்ளைக்கு ஸ்டேஷன் பயம் என்னவென்றே தெரியாது.

உங்களில் பதினெட்டு முடிந்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு நாள் கூடும். குடிநீர், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று நேரம் போய்விடும், அதனால் தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக்கொண்டு போங்கள். "குழந்தைகளைப் பாதுகாப்போம்" என்று எழுதினால் கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். "பாதுகாப்புக் குழுவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டி, நடவடிக்கைக் குறிப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்" என்று எழுதுங்கள். செய்தார்களா இல்லையா என்று அடுத்த சபையில் கேட்க முடியும்.

உங்கள் குழு எந்த இடத்தில் கூடுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வந்து பயிற்சி கொடுப்பவர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் காலனிப் பையன் வர மாட்டான். வந்தாலும் வாசலோடு நிற்பான். காலனி சமுதாயக் கூடத்தில் போட்டால் ஊர்ப் பையனை வீட்டில் விட மாட்டார்கள். 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனி வீடுகள் எரிந்த மாவட்டம் இது. இதைப் பேசாமல் சிறார் நீதி பேச முடியாது. கிளை நூலகம், அரசுப் பள்ளி வகுப்பறை, எல்லோரும் வந்துபோகிற கடையின் மாடி என்று பாருங்கள். நாங்கள் என் கடைக்கு மேல் இருக்கும் அறையில் கூடுகிறோம். மழை பெய்தால் ஒழுகும், ஆனால் யாருக்கும் வரத் தயக்கமில்லை.

சமுதாய சேவைக்கு இடம் கொடுங்கள்

இளைஞர் குழு ஒன்று இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள் என்பேன்.

பையன் தவறு செய்ததாகக் குழுமம் முடிவு செய்தால் என்ன உத்தரவெல்லாம் போடலாம் என்று பிரிவு 18 சொல்கிறது. கண்டித்து அனுப்புவது, குழு ஆலோசனை, சமுதாய சேவை, அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வீட்டுக்கு அனுப்புவது; எல்லாம் தாண்டித்தான் மூன்றாண்டு வரை சிறப்பு இல்லத்தில் தங்க வைப்பது. சமுதாய சேவை என்றால் ஓர் அமைப்பு, நிறுவனம், ஒரு நபர் அல்லது சிலர் கொண்ட குழுவின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். அவர்களைக் குழுமம் அடையாளம் காட்ட வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் இது.

சரி, குழுமத்தில் உட்கார்ந்திருக்கும் நடுவருக்கு பென்னாகரத்தில், அரூரில், தேன்கனிக்கோட்டையில் யார் மேற்பார்வை செய்வார்கள் என்று எப்படித் தெரியும்? யாரும் போய்ச் சொல்லவில்லை என்றால், கண்டித்து அனுப்புவதோ இல்லத்துக்கு அனுப்புவதோதான் மிச்சம். நடுவில் இருப்பது காகிதத்தோடு நின்றுவிடும்.

அதனால் ஒரு கடிதம் எழுதுங்கள். இளைஞர் நீதிக் குழுமத்துக்கு முகவரியிட்டு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு நகல், நன்னடத்தை அலுவலருக்கு ஒரு நகல். அதில் நான்கு விஷயம் போதும். என்ன வேலை: நூலகத்தில் புத்தகத்துக்கு எண் போடுவது, பள்ளி வளாகத்தில் மரம் நட்டுத் தண்ணீர் ஊற்றுவது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளோடு மாலையில் விளையாடுவது மாதிரி. எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம். பள்ளி நேரத்திலும் இரவிலும் கிடையாது என்று எழுதுங்கள். யார் மேற்பார்வை: பெயர், வயது, செல் எண், இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் முப்பது தாண்டியவராக இருந்தால் அதிகாரிகளுக்கு நம்பிக்கை வரும். இது அவர்கள் குணம், கோபப்படுவதில் பயனில்லை. கடைசியாக, பையனின் விவரம் குழுவுக்கு வெளியே போகாது என்ற உறுதி.

பதில் உடனே வராது. கடிதத்தின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை நேரில் போய் நில்லுங்கள். நன்னடத்தை அலுவலர் ஒரு மாவட்டத்தையே சுற்றுகிறவர். அவருக்கு உங்கள் பகுதியில் ஒரு கை கிடைத்தால் அவரே உங்களைத் தேடி வருவார்.

முதல் பையன் வந்த பிறகு இரண்டு விஷயம் கவனியுங்கள். கழிவறை கழுவ விடாதீர்கள். எல்லோருக்கும் முதலில் தோன்றும் வேலை அதுதான். அவமானப்படுத்துவதுதான் தண்டனை என்று நாம் பழகியிருக்கிறோம். குழுவில் உள்ளவர்கள் எந்த வேலை செய்கிறார்களோ அதையே பக்கத்தில் நின்று அவனும் செய்யட்டும். இரண்டாவது, அறிவுரை சொல்லாதீர்கள். போலீஸ், நடுவர், மாமா, வாத்தியார் என்று எல்லோரும் சொல்லி முடித்திருப்பார்கள். தக்காளி மண்டியில் பெட்டி தூக்குகிற பையன் ஒருவன் நூலகத்தில் புத்தகம் அடுக்கிக்கொண்டே, பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத என்ன செய்வது என்று தானாகக் கேட்டான். யாரும் அவனைப் படி என்று சொல்லியிருக்கவில்லை.

சேலத்துக்குப் போகும் அம்மாக்கள்

இரண்டு மாவட்டத்துப் பையன்களையும் பெரும்பாலும் சேலம் கூர்நோக்கு இல்லத்துக்குத்தான் கொண்டுபோகிறார்கள். அஞ்செட்டியில் இருக்கும் அம்மா ஒருமுறை மகனைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும், அன்றைய கூலி போகும். மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். சேலம் பஸ்ஸில் முழு டிக்கெட். இதனால் பார்க்கப் போகாமல் விட்டுவிடுகிறார்கள். "வீட்டில் அக்கறை இல்லை" என்று அதுவே அறிக்கையில் ஏறிவிடும்.

இதற்குச் சட்ட அறிவு தேவையில்லை. ஒரு உண்டியல், ஒரு துணை. முதல்முறை போகிறவரோடு உங்களில் ஒருவர் கூடப் போங்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், மகனின் போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பார்வை நேரத்தை முதல் நாளே போன் போட்டுக் கேளுங்கள். குழுமத்தின் அமர்வுக்கும் இப்படித்தான், ஆனால் அறைக்குள் போகலாம் என்று நினைக்காதீர்கள். வழக்கோடு தொடர்பில்லாதவர் உள்ளே இருக்கக் கூடாது, அது நல்ல விதி. வெளியே பெஞ்சில் உட்காருங்கள். வெளியே வரும் அம்மாவிடம் உள்ளே எப்படி இருந்தது என்று கேளுங்கள்: மேடை போட்டு உட்கார்ந்திருந்தார்களா, பையனைக் கூண்டில் நிறுத்தினார்களா, சமூகப் பணியாளர் உறுப்பினர்கள் இருவரும் வந்திருந்தார்களா? மேடையும் கூண்டும் கூடாது, நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே குழுமம் நடக்கக் கூடாது என்று மாதிரி விதி 6 சொல்கிறது. நீங்கள் எழுதி வைக்கும் குறிப்பு, பிறகு மனு எழுதும்போது உதவும்.

பத்து ரூபாய்க் கேள்வி

குற்றச்சாட்டாகப் பேசுவதற்கு முன் எண்களை வாங்குங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அல்லது மழுப்பலாக வந்தால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

என்ன கேட்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "ஏன் வழக்குகள் தாமதமாகின்றன?" என்று கேட்டால் பதிலே வராது; ஏன் என்ற கேள்விக்கு அவர்கள் பதில் தர வேண்டியதில்லை. இப்படிக் கேளுங்கள்: கடந்த ஆண்டில் குழுமம் எத்தனை நாள் அமர்ந்தது, மாதவாரியாக, நான்கு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ளவை எத்தனை, அதில் சிறு குற்றம் எத்தனை, சமூக விசாரணை அறிக்கை 15 நாளுக்குள் வந்தவை எத்தனை, உறுப்பினர் பதவி எந்தத் தேதியிலிருந்து காலி, மாவட்ட ஆய்வுக் குழு இல்லங்களைப் பார்வையிட்ட தேதிகள். பிரிவு 54 படி மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பார்வையிட வேண்டும். பிரிவு 16 படி நிலுவை வழக்குகளைத் தலைமைக் குற்றவியல் நடுவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆக, இந்த எண்கள் எல்லாம் எங்கோ ஒரு பைலில் இருக்க வேண்டியவை. எந்தப் பையனின் பெயரையும் விவரத்தையும் கேட்காதீர்கள். கேட்டாலும் தர மாட்டார்கள், தரவும் கூடாது.

பதில் வந்ததும் ஒரே பக்கத்தில் சுருக்கி, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள். 2021 திருத்தத்துக்குப் பிறகு குழந்தைகள் பாதுகாப்பு அலகு மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் இருக்கிறது. "எங்கள் வேலை இல்லை" என்று யாரும் தள்ளிவிட முடியாது.

மனுவோடு பெரிய படத்தையும் சேர்த்துக் காட்டலாம். 2022 டிசம்பர் கடைசியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான், பணியாளர்கள் கைதானார்கள். அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. இல்லங்களின் நிலை பற்றி 2023-இல் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிகளில் சாதி மோதல் பற்றி அவரே கொடுத்த இன்னொரு அறிக்கையும் உண்டு, 2024-இல். இரண்டையும் குழப்பிக்கொண்டு மேடையில் பேசியவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சரியானதைச் சொல்லுங்கள்.

காதல் வழக்கு

இது நம் இரண்டு மாவட்டத்துக்கும் ரொம்பப் பக்கத்து விஷயம். பதினேழு வயதுப் பையன், பதினாறு வயதுப் பெண், ஓடிப்போகிறார்கள் அல்லது வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டம் 2012-க்குப் பதினெட்டு வயதுதான் கணக்கு, சம்மதம் என்ற பேச்சே கிடையாது. அந்தச் சட்டத்தின் பெரிய பிரிவுகளில் குறைந்தபட்சத் தண்டனையே பத்தாண்டு என்பதால் அது கொடுங்குற்றத்தில் சேர்கிறது. பதினாறு முடிந்த பையன் என்றால் பிரிவு 15 படி, செய்ததைப் புரிந்து செய்யும் திறன் அவனுக்கு இருந்ததா என்று குழுமம் பார்க்கும் முதற்கட்ட மதிப்பீடு நடக்கும். பெரியவனைப் போல விசாரிக்கலாம் என்று குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பவும் வழி இருக்கிறது. சாதி வேறாக இருந்தால் புகாரின் வேகமே வேறு. இப்படிப்பட்ட வழக்குகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைமையிலிருந்து சுற்றறிக்கை போனது. வக்கீலிடம் அதை நினைவுபடுத்துங்கள்.

உங்கள் குழு இதில் மத்தியஸ்தம் பண்ணக் கூடாது. "பேசி முடிச்சுடலாம், பொண்ணுக்குச் சீக்கிரம் கல்யாணம் பண்ணிடலாம்" என்று ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டால் போகாதீர்கள். அது குழந்தைத் திருமணத்தில்தான் போய் முடியும். போக்சோ குற்றம் தெரிந்தும் புகார் சொல்லாமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள், பெண்ணை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழு பார்த்துக்கொள்ளட்டும், பையனுக்கு வக்கீல் கிடைத்தாரா என்று பாருங்கள். அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அனுபவப்பட்டவர்களை முன்னால் வையுங்கள், மேடையில் அல்ல

இல்லத்தில் இருந்து வந்த பையனுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. சாப்பாடு எப்படி, யார் அடிப்பார், ஜாமீன் உத்தரவு வந்தும் ஏன் ஒரு வாரம் ஆனது என்பதெல்லாம் அவனைக் கேட்டால்தான் தெரியும். அதனால் குழுவில் முடிவெடுக்கும் இடத்தில் அப்படிப்பட்ட இரண்டு மூன்று பேராவது இருக்க வேண்டும். தகவல் கேள்விகளை எழுதும்போது அவர்களைக் கேட்டு எழுதுங்கள். மேலே நான் சொன்ன கேள்விகளில் ஆய்வுக் குழு பற்றியதைச் சொன்னது அப்படி ஒரு தம்பிதான்.

ஆனால் "திருந்திய இளைஞர்" என்று நிகழ்ச்சியில் ஏற்றி நிற்க வைக்காதீர்கள். அவனே சம்மதித்தாலும் வேண்டாம் என்பேன். பிரிவு 74 படி சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸப் குரூப்பில் போடும் போட்டோவிலும் அதே கவனம் வேண்டும். சட்டத்தை விடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குப் போய் நிற்பான். அவன் முகத்தை யூடியூபில் பார்த்தவர்தான் அங்கே சூப்பர்வைசராக இருப்பார். பதினாறு முடிந்து, பெரியவனைப் போல குழந்தைகள் நீதிமன்றத்தில் விசாரித்த வழக்கு தவிர, பிரிவு 24 படி அந்த வழக்கால் அவனுக்கு எந்தத் தகுதிக் குறைவும் வரக் கூடாது. வழக்கு முடிந்துவிட்டால் நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்தப் பழைய பதிவைக் காவல்துறை வெளியே சொல்லக் கூடாது. சட்டம் அவ்வளவு கவனமாக மூடி வைத்ததை நாம் ஒரு பாராட்டு விழாவுக்காகத் திறந்துவிடக் கூடாது.

ஒரு பள்ளியில் வழக்கு இருக்கிறது என்று தெரிந்ததும் பையனை "வேற ஸ்கூல் பாருங்க" என்று அனுப்பினார்கள். வாயால் சொன்னதை எழுத்தில் கொடுங்கள் என்று அவன் அக்கா கேட்டாள். எழுத்தில் கொடுக்கவில்லை, பையன் அங்கேயே படித்தான். இந்த ஒரு கேள்வியை எல்லா அக்காக்களுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இல்லத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கும் நாற்காலி உண்டு. வயதுவாரியாகக் குழந்தைகள் குழுக்களை அமைக்க வேண்டும், அதில் குழந்தைகள் மட்டுமே இருக்க வேண்டும் என்று மாதிரி விதி 40 சொல்கிறது. பார்க்கப் போகும் அம்மாவிடம் "உங்க குழு கூடுச்சான்னு பையன்கிட்ட கேளுங்க" என்று சொல்லிவிடுங்கள். பதினெட்டு முடிந்து இல்லத்தை விட்டு வருகிறவர்களுக்குப் பிரிவு 46 படி பின்தொடர் உதவி உண்டு; பொதுவாக 21 வயது வரை. கேட்டால்தான் கிடைக்கும்.

அடுத்த படி

கொஞ்ச நாள் இப்படி வேலை செய்த பிறகு சட்டத் தன்னார்வலர் ஆகப் பாருங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது; ஆள் எடுக்கும்போது அறிவிப்பு வரும். பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருவார்கள். அட்டை கழுத்தில் இருந்தால் ஸ்டேஷனில் உட்கார நாற்காலி தருகிறார்கள், இல்லாவிட்டால் "நீ யாரும்மா" என்கிறார்கள். இரண்டையும் பார்த்துவிட்டேன். அட்டை இருந்தாலும் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். "சார், குழந்தை நல காவல் அலுவலர் யாருங்க சார், அவர்கிட்ட பேசணும்" என்று கேளுங்கள். எந்தப் பிரிவும் சொல்ல வேண்டாம். அந்தப் பதவியின் பெயரைச் சொன்னாலே விஷயம் தெரிந்தவர் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

நீண்ட காலத்துக்கு யோசிப்பவர்களுக்கு ஒன்று. இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவரோடு சமூகப் பணியாளர் இருவர் உறுப்பினர். அதில் ஒருவராவது பெண். மாதிரி விதிப்படி 35 வயது ஆகியிருக்க வேண்டும், குழந்தைகளுக்கான கல்வி, சுகாதாரம், நலப் பணிகளில் ஏழு வருட அனுபவம் வேண்டும். சட்டம், சமூகவியல், குழந்தை உளவியல் மாதிரி பட்டத்தோடு தொழில் செய்பவராகவும் இருக்கலாம். ஊரில் யாருக்கும் தெரியாமல் இந்த விளம்பரம் நாளிதழின் உள்பக்கத்தில் வந்துவிட்டுப் போகும். தகுதியான ஆள் நம் பக்கத்திலேயே இருப்பார்; அனுபவத்துக்குக் காகிதம் இருக்காது. அதனால் இன்று உங்களுக்கு இருபது வயது என்றாலும், சேவை செய்த பள்ளியிலும் நூலகத்திலும் ஊராட்சியிலும் வருடத்துக்கு ஒருமுறை தேதி, கையெழுத்து, முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி பைலில் போட்டு வையுங்கள். அசலை லேமினேட் பண்ணிவிடாதீர்கள், சான்றொப்பம் வாங்கும்போது தொல்லை. நகல் வேண்டுமென்றால் என் கடைக்கு வாருங்கள், இதற்குக் காசு வாங்க மாட்டேன்.